வேகம் வளர்த்த விவேகம்

ஒருவனுடைய ஆற்றல் அவன் உடலிலும் உள்ளத்திலும் மாத்திரம் உறைவதன்று. அவன் நிற்கும் இடமும், அவனுக்குக் கொடுக்கப்படும் உரிமையும் வாய்த்தாலன்றி அது முற்றாக வெளிப்படுவதில்லை. வள்ளுவப் பெருந்தகை வலியறிதலோடு நின்றுவிடாது காலமறிதலையும் இடனறிதலையும் தனித்தனி அதிகாரங்களாக வகுத்தமை சிந்திக்கத்தக்கது. இவ்வுண்மைக்கு அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்திலே நல்லதோர் உதாரணம் உண்டு.

இன்று மின்னல் வேகத்தில் நடைபெறும் இவ்வாட்டம் ஒரு காலத்தில் நத்தையினும் மெதுவாக நகர்ந்தது. 1950ஆம் ஆண்டு நவம்பர் 22ஆந் திகதி போர்ட் வேய்ன் அணியும் மினியாபொலிஸ் அணியும் 48 நிமிடங்கள் பொருதி, 19–18 என்ற புள்ளிக்கணக்கில் ஆட்டத்தை முடித்தன. எதிரணியின் வலிமைக்கு அஞ்சிய போர்ட் வேய்ன் வீரர், பந்தைக் கூடையில் எறியாது கையிலே வைத்துக்கொண்டு காலத்தைப் போக்கினர். இத்தகைய சலிப்பை நீக்கவே, பந்து கிடைத்த 24 வினாடிக்குள் எறிந்துவிட வேண்டுமென்ற விதி 1954இல் வகுக்கப்பட்டது. எனினும், கிடைத்த 24 வினாடியிற் பெரும்பகுதியைச் செலவிட்டு ஆடுவதே நிதானம் என்ற எண்ணம் பல பயிற்சியாளரிடம் நிலைத்திருந்தது.

ஐவர் கொண்ட அணியிலே பந்தைத் தட்டிக்கொண்டு முன்சென்று, அதனை யாருக்கு, எப்பொழுது கொடுப்பதெனத் தீர்மானிப்பவனைப் ‘பொயின்ட் கார்ட்’ என்பர். தேருக்குச் சாரதி எத்தகையவனோ, அணிக்கு அவன் அத்தகையவன். ஆனால், மெதுவாக ஆடும் அணிகளில் சாரதி இவன். கடிவாளமோ ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளரின் கையில். அவர் சைகை காட்டும்வரை இவன் காத்திருப்பான். அதற்குள் எதிரணியினர் ஐவரும் கூடையின் முன் அரண் அமைத்து நின்றுவிடுவர்.

தென்னாபிரிக்காவிற் பிறந்து கனடாவில் வளர்ந்த ஸ்டீவ் நாஷ், 6 அடி 3 அங்குல உயரமுள்ளவர். நெடிதுயர்ந்த வீரர்கள் நிறைந்த அவ்வாட்டத்தில் இது பெரிய உயரமன்று. டலஸ் அணியில் அவர் புகழுடனேயே ஆடினார். ஆயினும் 2004ஆம் ஆண்டு, முப்பது வயது கடந்த நிலையில், பீனிக்ஸ் அணி அவருக்குக் கொடுக்க முன்வந்த தொகையை டலஸ் அணியினர் கொடுக்கத் துணியவில்லை. இனி அவர் தேய்பிறையே என்பது பலருடைய கணிப்பு.

பீனிக்ஸ் அணியின் பயிற்சியாளர் மைக் டான்டோனி, இத்தாலியில் நெடுங்காலம் ஆடியும் பயிற்றியும் அனுபவம் பெற்றவர். பந்து கிடைத்த ஏறக்குறைய ஏழு வினாடிக்குள் எறிந்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. அதனை நிறைவேற்றும் பொறுப்பை நாஷிடம் ஒப்படைத்தார்.

அம்முறை இயங்கிய விதத்தைச் சிறிது நோக்குவோம். எதிரணி கூடையில் இட்டாலும் தவறவிட்டாலும், அடுத்த கணமே நாஷ் பந்துடன் முன்னே பாய்வார். எறிவதில் வல்ல இருவர் மைதானத்தின் இரு மூலைகளுக்கும் ஓடிவிடுவர். அமாரே ஸ்டௌடமயர் என்னும் நெடிய வீரர் நாஷைக் காக்கும் எதிரியின் வழியை மறைத்து நின்று, பின் கூடையை நோக்கி விரைவார். தனியே எஞ்சும் எதிரி நாஷைத் தடுக்க வந்தால், பந்து ஸ்டௌடமயரைச் சேரும். மூலையிற் காவல் நின்றவன் உதவிக்கு ஓடிவந்தால், பந்து மூலைக்குப் பறக்கும். எவரும் வராவிட்டால் நாஷ் தாமே எறிவார். இம்மூன்றில் எது தக்கதென்பதை ஒரு கணத்தில் அவரே தேர்ந்தார். அரண் அமையுமுன் வந்து சேர்வதால் அவர் கண்முன் வெளி விரிந்தது. வேகம் அவருடைய சிந்தனைக்கு இடம் தந்தது.

விளைவு யாது? 2003–04 பருவத்தில் 29 ஆட்டங்களில் மாத்திரம் வென்ற பீனிக்ஸ், அடுத்த பருவத்தில் 62 ஆட்டங்களில் வென்றது. நாஷ் சக வீரர் புள்ளி பெறுமாறு கொடுத்த பந்துகள் ஆட்டமொன்றுக்குச் சராசரி 8.8இலிருந்து 11.5 ஆக உயர்ந்தன. 2005இலும் 2006இலும் சிறந்த வீரருக்கான விருது அவருக்கே கிடைத்தது.

வேகமாக ஆடினால் பந்து கைக்கு வரும் தடவைகள் பெருகும்; எனவே எண்ணும் பெருகும்; இதில் வியப்பென்ன என்று சிலர் கேட்பர். அக்கேள்வி நியாயமானதே. கையினால் தடுப்போரைக் கண்டிக்கும் விதி அப்பருவத்தில் இறுக்கப்பட்டதும் அவருக்குத் துணையாயிற்று. ஆனால், அவர் எறிந்த பந்துகளில் நூற்றுக்கு 47 கூடையில் விழுந்த நிலை மாறி, 50 விழலாயின. தடவைகள் பெருகினால் எண் பெருகும். குறியின் திருத்தம் பெருகாது.

மற்றொன்றையும் மறத்தலாகாது. நாஷ் வருவதற்கு முந்திய பருவத்தின் இடையிலேயே டான்டோனி பொறுப்பேற்றிருந்தார். ஆயினும் அவ்வணி தோல்வியிலே துவண்டது. ஸ்டௌடமயர் முழங்காற் காயத்தால் ஏறக்குறைய முழுப் பருவத்தையும் இழந்த 2005–06இல், நாஷ் வழிநடத்திய அணி 54 வெற்றிகள் கண்டது. முறை மனிதனை உயர்த்தியது போலவே, மனிதன் முறையை உயர்த்தினான்.

2012 பெப்ரவரியில் நியூயோர்க்கிலும் இதன் சாயலைக் கண்டனர். இரண்டு அணிகளால் கைவிடப்பட்ட ஜெரமி லின், டான்டோனியின் கீழ் வாய்ப்புப் பெற்று, ஓர் ஆட்டத்தில் 38 புள்ளிகள் குவித்தார்; அணி தொடர்ந்து ஏழு வெற்றிகள் ஈட்டியது. ஆனால், அதே ஆண்டின் இறுதியில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் நாஷும் டான்டோனியும் மீண்டும் இணைந்தபோது, 38 வயதான நாஷின் கால் முறிந்திருந்தது. பழைய மாயம் திரும்பவில்லை. உடல் இடங்கொடாதபோது முறை மாத்திரம் என் செய்யும்?

பீனிக்ஸ் அணிக்கு இறுதி வெற்றிக்கிண்ணம் கிட்டவில்லை. 2005இலும் 2006இலும் மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்றிலே தோற்றது. ஆனால் விதைத்தது வீண்போகவில்லை. பீனிக்ஸின் நிர்வாகியாயிருந்த ஸ்டீவ் கேர் பின்னர் கோல்டன் ஸ்டேட் அணியின் பயிற்சியாளராகி, ஸ்டீபன் கறியிடம் பந்தையும் உரிமையையும் கொடுத்து, 2015இல் கிண்ணத்தை வென்றார்.

மாணவர்களே, நாஷுக்கு வேகம் கைகொடுத்தது பல்லாண்டுப் பயிற்சி முன்னரே அவர் கையில் இருந்தமையால். ஆயத்தமில்லாதவனுக்கு அதே வேகம் தடுமாற்றமாகவே முடிந்திருக்கும். பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உரிய பாடம் இன்னும் கடினமானது. ஒவ்வோர் அடிக்கும் சைகை காட்டி நடத்தப்படும் பிள்ளை, சைகைக்காகவே காத்து நிற்கப் பழகும். தக்க பயிற்சியளித்தபின் கடிவாளத்தை அதன் கையிலே கொடுத்துவிடும் துணிவு நமக்கு வேண்டும்.