ஓர் ஏரியல், இரண்டு வானொலிகள்

ஒரே ஏரியலை இரண்டு வானொலிக் கருவிகளுக்குப் பொதுவாக வைத்துக்கொள்ள முடியுமா? கேபிளை இரண்டாகப் பிரித்துவிட்டால் போதாதா என்று கேட்கத் தோன்றும். இரண்டும் கேட்பதற்கு மட்டுமே பயன்படும் கருவிகள் என்றால் அது ஓரளவு பொருந்தும். உரிமம் பெற்ற 'ஹாம்' வானொலியாளர்களின் கருவிகளோ பேசவும் செய்கின்றன. அங்கே இந்த யோசனை ஒரு கருவியைப் பலிவாங்கிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில், ஹாம்களுக்கான மறுஒலிபரப்பி ஒன்று 2020 செப்டம்பரில் இயக்கிவைக்கப்பட்டது. தரையிலிருந்து 145.990 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் குரலை வாங்கி, 437.800 மெகாஹெர்ட்ஸில் திருப்பி அனுப்பும்படி அது அமைக்கப்பட்டது. பேசிக்கொண்டிருக்கும்போதே தம் குரல் திரும்பி வருகிறதா என்று அறிய விரும்புபவருக்கு, பேச ஒரு கருவியும் கேட்க ஒரு கருவியும் தேவை. மொட்டைமாடியில் இருப்பதோ ஒரே ஏரியல்.

அந்த ஓர் ஏரியல் இரண்டு அலைவரிசைகளுக்கும் எப்படிப் பொருந்துகிறது? ஒரு முனை மூடிய குழாயின் ஒத்ததிர்வை நினைத்துக்கொள்ளுங்கள். அடிப்படை அதிர்வெண்ணில் ஒலிக்கும் குழாய், அதன் மூன்று மடங்கிலும் ஒலிக்கும். 145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 2 மீட்டர். அதில் கால் பங்கான அரை மீட்டர்க் கம்பி, 437 மெகாஹெர்ட்ஸில் முக்கால் அலைநீளம் ஆகிறது. கடையில் விற்கும் ஏரியல்களில் வேறு சில நுட்பங்களும் சேர்ந்திருக்கும்.

இனி ஆபத்தைக் கணக்கிடலாம். 50 ஓம் கேபிளில் 50 வாட் செலுத்தினால் மின்னழுத்தம் 50 வோல்ட். கேட்கும் கருவியோ 0.2 மைக்ரோவோல்ட் அளவுள்ள குறியையும் வாங்கக் கூடியது. இரண்டுக்கும் விகிதம் 25 கோடி! கேபிள்களை 'டி' இணைப்பால் வெறுமனே சேர்த்தால், ஏரியலுக்குச் செல்லவேண்டிய ஆற்றலில் பாதியளவு கேட்கும் கருவிக்குள் நுழைய வழி திறந்திருக்கும். அதன் முதல் டிரான்சிஸ்டர் நொடியில் கருகிவிடலாம்.

இதற்குத் தீர்வாக அமைவது 'டைப்ளெக்சர்' என்னும் சிறு பெட்டி. அதற்கு மூன்று வாய்கள். ஒன்று ஏரியலுக்கு, மற்றவை இரு கருவிகளுக்கு. உள்ளே மின்கலமும் இல்லை, டிரான்சிஸ்டரும் இல்லை; கம்பிச் சுருள்களும் மின்தேக்கிகளும் மட்டுமே. அதிர்வெண் மூன்று மடங்கானால் சுருளின் மறுப்பு மூன்று மடங்காகும். மின்தேக்கியின் மறுப்பு மூன்றில் ஒன்றாகும். ஆகவே ஒரு கிளை தாழ்ந்த அதிர்வெண்களை மட்டும் விடும், மறு கிளை உயர்ந்தவற்றை மட்டும் விடும். மூன்று மடங்கு என்பது பெரிய வேறுபாடு அன்று. எனவே பல படிகளாக அடுக்குகிறார்கள். நல்ல பெட்டி 60 டெசிபெல் வரை பிரித்துத் தரும். ஒவ்வொரு 10 டெசிபெலும் பத்தில் ஒன்றாகக் குறைப்பதால், 60 டெசிபெல் பத்து லட்சத்தில் ஒன்று. 50 வாட் 50 மைக்ரோவாட்டாகச் சுருங்குகிறது. இதனால் கருவி கருகாது.

இன்னொரு பயனும் உண்டு. எனக்கு அதுவே சுவையானது. எந்த ஒலிபரப்பும் தன் அதிர்வெண்ணின் மடங்குகளிலும் சிறிது கசியும். 145.990-ஐ மூன்றால் பெருக்கினால் 437.970. நாம் கேட்க விரும்பும் 437.800-க்கு 0.17 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில்! இந்தக் கசிவு விண்ணிலிருந்து வரும் மெல்லிய குரலை அமுக்கிவிடக்கூடும். பேசும் கருவியின் கிளை உயர்ந்த அதிர்வெண்களை விடாததால், கசிவின் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடுகிறது.

பெட்டி இருந்தாலும் கவனம் வேண்டும். கேபிள்களை மாற்றிச் செருகினாலோ, கேட்கும் கருவியைத் தவறுதலாக 145-க்குத் திருப்பிப் பேசினாலோ, அடைபட்ட கிளை ஆற்றலைத் திருப்பி அனுப்பும்; பேசிய கருவியின் இறுதி டிரான்சிஸ்டர் சூடேறும். முதலில் குறைந்த வாட்டில், நிலையலை மீட்டரைப் பார்த்துக்கொண்டே சோதிப்பது நல்லது. அப்போது கேட்கும் கருவியைக் கழற்றி, அதன் இடத்தில் 50 ஓம் மின்தடையை வைக்கலாம். பெட்டி எத்தனை வாட் தாங்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கருவிகளும் ஒரே அலைவரிசையில் இயங்குமானால் இந்தப் பெட்டி உதவாது. அப்போது, பயன்படாத கருவியின் வாயைத் தரையோடு இணைக்கும் வகை ஸ்விட்சை வைத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் இயக்கவேண்டும். பேசும்போது அந்த ஸ்விட்சைத் திருப்பக் கூடாது. 0.6 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் ஒரே நேரம் பேசவும் கேட்கவும் செய்யும் மறுஒலிபரப்பி நிலையங்களில், பருத்த உலோக உருளைகளாலான 'டூப்ளெக்சர்' இருக்கும். பெயர் ஏறத்தாழ ஒன்றுதான், பொருள் வேறு. வாங்கும்போது குழம்பிவிடாதீர்கள்.