நிலைத்து நிற்கும் கருவிப்பட்டை

கணினியில் கட்டங்களாக அமைந்து, எண்களையும் சொற்களையும் ஏற்று, கணக்கிட்டும் தரும் மென்பொருளுக்கு விரிதாள் என்று பெயர். எக்செல், லிப்ரே ஆபிஸ் கால்க் ஆகியன பலரும் அறிந்த விரிதாள்கள். இவற்றில் அடிக்கடி தேவைப்படும் கட்டளைகளைப் பொத்தான்களாகத் திரையின் மேற்பகுதியில் வரிசைப்படுத்தி வைத்துக்கொள்ளலாம். அவ்வரிசையே கருவிப்பட்டை. மதிப்பெண் பட்டியல் தயாரிக்கும் மாணவிக்கு வரிசைப்படுத்துதல், வடிகட்டுதல், அச்சிடுதல் ஆகிய மூன்றும் ஒரே சொடுக்கில் கிடைத்தால் நேரம் மிச்சமாகும்.

ஆயினும், பள்ளிக் கணினியில் விரும்பியவாறு அமைத்த கருவிப்பட்டை வீட்டுக் கணினியில் தோன்றுவதில்லை. பென்டிரைவில் கொண்டுவந்த விரிதாள் கோப்பு முறையாகத் திறக்கிறது. பொத்தான்களை மட்டும் காணவில்லை. இதற்குக் காரணம் உண்டு. கோப்பில் எண்களும் சொற்களும் வாய்பாடுகளும் சேமிக்கப்படுகின்றன. கருவிப்பட்டையின் அமைப்போ, பொதுவாக அக்கணினியில் பயனருக்கு உரிய இடத்தில் வேறொரு சிறு கோப்பாகத் தங்குகிறது. எனவே, விரிதாள் கோப்பு பயணம் செய்தாலும் அமைப்பு பழைய கணினியிலேயே நின்றுவிடுகிறது.

எக்செல் 2003 பதிப்பில் இவ்வமைப்பு, மென்பொருளை முறையாக மூடும்போதுதான் சேமிக்கப்பட்டது. இடையில் மின்சாரம் நின்றால் அன்று செய்த மாற்றங்கள் மறைந்துபோகும். 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் பழைய பட்டைகளுக்கு மாற்றாக 'ரிப்பன்' என்னும் அகன்ற பட்டை வந்தது. பயனர் தம் விருப்பப்படி பொத்தான்களைச் சேர்க்க, 'குயிக் ஆக்சஸ் டூல்பார்' என்னும் சிறு பட்டையும் அதனுடன் வந்தது.

இச்சிறு பட்டையின் அமைப்பை நிலைநிறுத்த இன்று மூன்று வழிகள் உள்ளன. 'ஃபைல்' பட்டியில் 'ஆப்ஷன்ஸ்' பகுதியைத் திறந்து, 'குயிக் ஆக்சஸ் டூல்பார்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் மூன்றும் அங்கே கிடைக்கும்.

முதலாவது, எல்லா ஆவணங்களுக்கும் பொருந்துமாறு அமைப்பது. அப்பொத்தான்கள் அதே கணினியில், அதே பயனர் திறக்கும் ஒவ்வொரு கோப்பிலும் தோன்றும்.

இரண்டாவது, திறந்திருக்கும் ஒரு கோப்புக்கு மட்டும் அமைப்பது. அக்கோப்பைச் சேமித்தால் அமைப்பும் அதனுள்ளேயே தங்கும். வேறு கணினியில் எக்செல் கொண்டு திறந்தாலும் பொத்தான்கள் உடன்வரும். லிப்ரே ஆபிஸ் கால்க்கிலும் கருவிப்பட்டை அமைப்பை ஒரே ஆவணத்திற்கு உரியதாகச் சேமிக்க இயலும்.

மூன்றாவது, ஏற்றுமதி செய்வது. 'இம்போர்ட்/எக்ஸ்போர்ட்' பொத்தானை அழுத்தினால் ரிப்பனிலும் சிறு பட்டையிலும் செய்த மாற்றங்கள் அனைத்தும் தனிக் கோப்பாக வெளிவரும். அதைப் புதிய கணினியில் இறக்குமதி செய்துகொள்ளலாம். பெற்றோரின் பணிமாற்றத்தால் ஊர்விட்டு ஊர் செல்லும் மாணவருக்கு இவ்வழி பெரிதும் உதவும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இறக்குமதி செய்யும்போது அங்கு முன்பிருந்த அமைப்பு முழுவதும் நீங்கி, புதியது அதன் இடத்தைப் பிடிக்கும். பள்ளி ஆய்வகத்தில் பலர் ஒரே பயனர் கணக்கைப் பயன்படுத்தினால், ஒருவர் செய்யும் மாற்றம் மற்றவர் பொறுமையுடன் அமைத்த பட்டையை அழித்துவிடும். ஆகவே, பொதுக் கணினியில் முதலில் ஆசிரியரின் இசைவைப் பெறவேண்டும். பிறகு, இருக்கும் அமைப்பை ஏற்றுமதி செய்து பாதுகாக்கவேண்டும். அதன் பின்னரே புதியதைக் கொண்டுவரவேண்டும். தன் வசதியை நிலைநிறுத்த விரும்புவோர் பிறர் வசதியையும் காத்தல் கடமையாகும்.

பயிற்சி

1. விரிதாள் கோப்பு வந்தும் பொத்தான்கள் வராமைக்குக் காரணம் யாது?
2. கருவிப்பட்டையை நிலைநிறுத்தும் மூன்று வழிகளை வரிசைப்படுத்தி எழுதுக.
3. பொதுக் கணினியில் இறக்குமதி செய்வதற்கு முன் செய்யவேண்டியவை யாவை?