தேக்கடி ஏரியில் ஒரு பகல்

கம்பத்திலிருந்து குமுளிக்கு மலையேறுகையில், சரிவில் இறங்கும் பெருங்குழாய்களைக் காணலாம். தேக்கடி ஏரியின் நீர் மலையைக் குடைந்த வழியாக வந்து, அவற்றில் பாய்ந்து, லோயர் கேம்ப்பில் மின்சாரம் ஈந்துவிட்டு வைகையைச் சேர்கிறது. தேனியும் மதுரையும் அருந்தும் நீர் அது. எனினும் ஏரியைக் காணச் செல்லும் நம்மவருள் பலர் படகுச் சவாரியோடு திரும்பிவிடுகின்றனர். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். படகில் பாட்டுப் பெட்டி கொண்டுபோன காலமும் உண்டு; இன்று சொல்ல நாணமாயிருக்கிறது.

இம்முறை காலாண்டு விடுமுறையில் நாங்கள் எட்டுப் பேர் வனத்துறையிடம் சீட்டுப் பெற்று, மூங்கில் தெப்பத்தில் சென்றோம். அட்டை ஏறாதிருக்க முழங்கால்வரை துணியுறை மாட்டி, முதலில் காட்டுக்குள் நடை. துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் ஒருவரும் உடன் வந்தார். வழிகாட்டிகளுள் நரைத்த தலையர் ஒருவர், முன்பு இக்காட்டில் வயணை மரத்தின் பட்டையைத் திருட்டாக உரித்து விற்றவர். அத்தகையோரை 1998-இல் வனத்துறை ஒரு குழுவாக்கி, காவலுக்கும் வழிகாட்டவும் அமர்த்தியது. திருடிய கைகளிடமே காட்டை ஒப்படைத்த துணிவை எண்ணி வியந்தோம்.

ஏரியில் கரும்பட்ட மரங்கள் நீருக்குமேல் நிற்கின்றன. பென்னி குவிக் 1895-இல் அணையைக் கட்டி முடித்தபோது மூழ்கிய காட்டின் எச்சம் அவை. அவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகு விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. துடுப்பின் ஓசையன்றி வேறொலி இல்லை.

ஒரு வளைவில் யானைக்கூட்டம், நடுவே குட்டியொன்று. எங்களுள் இளைஞன் ஒருவன் படமெடுக்கச் சட்டென எழுந்தான். தெப்பம் ஒருபுறம் சாய்ந்தது. “தம்பி, உட்காருங்கள்” என்றார் பெரியவர், குரலை உயர்த்தவில்லை. யானைகள் காட்டுக்குள் மறைந்தபின்தான் காரணம் சொன்னார். 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். தமிழ்நாட்டவரும் அவர்களுள் உண்டு. விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டதும் படகு சாய்ந்தது என அன்றைய செய்திகள் கூறின. இளைஞன் அதன்பின் தன் மிதவைச் சட்டையின் வாரை இருமுறை இறுக்கிக்கொண்டான்.

மாலையில் தெப்பத்தைக் கட்டுகையில் எங்கள் வீட்டு அம்மையார் கேட்டார்: “அண்ணே, பழைய தொழில் நினைவுக்கு வருவதில்லையா?”

பெரியவர் நகைத்தார். “பட்டையின் மணம் காற்றில் வந்தால் இன்னும் தலை திரும்பத்தான் செய்கிறது, அம்மா. இன்று நாம் வந்த வழியில்கூட மூன்று மரங்கள் நிற்கின்றன.”

“எங்களுக்குக் காட்டவில்லையே!”

“காட்டமாட்டேன், அம்மா.”