சாங்க், காங்க் என்னும் இரு சொற்கள்

தூத்துக்குடிச் சங்குக்குளிப்பைப் பற்றிய பழைய ஆங்கிலப் பதிவுகளில் 'சாங்க்' என்னும் சொல்லே பயில்கின்றது. சங்க இலக்கியத்தை ஆங்கிலத்தில் பெயர்ப்போரோ பெரும்பாலும் 'காங்க்' என எழுதுகின்றனர். இரண்டற்கும் 'சங்கு' என்றே பொருள் கூறி நாம் அமைந்துவிடுகின்றோம். அது பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பிறப்பால் இவை உறவுடையன. 'காங்க்' கிரேக்கத்தினின்று இலத்தீன் வழியாக ஆங்கிலம் புகுந்தது. அக்கிரேக்கச் சொல்லும் வடமொழிச் 'சங்க' என்பதும் ஒரு மூலத்தன என்பர் மொழிநூலார். 'சாங்க்' இந்தியக் கரையினின்று ஐரோப்பிய வணிகர் வாயிலாகச் சென்றது. யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் என்னும் அகராதியில் அதற்குத் தனித்தலைப்பு உண்டு.

'காங்க்' பொதுச்சொல். கிரேக்கத்தில் அதன் மூலச்சொல் சிப்பியையும் குறித்தது. நம் நிகண்டு மரபும் இப்பியை அடியாக வைத்து இடம்புரி, வலம்புரி, சலஞ்சலம், பாஞ்சசன்னியம் என அடுக்கியது நினைக்கத்தக்கது. ஆங்கிலத்தில் அது பெரிய கடல்நத்தைகள் பலவற்றிற்கும் பெயராயிற்று. மேற்கிந்தியத் தீவுகளில் ஊனுக்காகப் பிடிக்கப்படுவதும் காங்கே. 'சாங்க்' சிறப்புச்சொல். விலங்குநூலார் டர்பினெல்லா பைரம் என வழங்கும் ஓரினத்தையே அது சுட்டும். முத்துச்சிப்பி பாறைப்பாங்கான பார்களிற் பற்றி வாழ, இது மணற்பரப்பில் வாழும். ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் வெளியிட்ட தம் நூலின் தலைப்பிலும் சாங்க் என்றே ஆண்டார். எனவே, சாங்க் யாவும் காங்க் எனப்படலாம். காங்க் யாவும் சாங்க் ஆகா. பொதுச்சொல்லை மட்டும் நம்பிச் செல்லும் அயல்நாட்டார், தூத்துக்குடிக்கு மேற்கேயுள்ள புதுக்கோட்டையைத் தேடித் தொண்டைமான் தலைநகரைச் சென்றடைந்தார் போல்வர்.

இம்மயக்கத்தால் இழப்பு நமக்கே. காங்க் என்றதும் ஆங்கிலம் பயில்வார் நெஞ்சில் முந்தித் தோன்றுவது ஊதுகருவி. சாங்க் என்பதோ வணிகப்பண்டம். விட்டம் அளந்து, தரம் பிரித்து, வங்கத்து வளைத்தொழிலுக்கெனக் கப்பலேற்றப்பட்டது. மதுரைக்காஞ்சி கொற்கையைக் கூறுமிடத்து முத்தொடு வளையும் வருகின்றது. மதுரை நகரைக் கூறுமிடத்துச் சங்கை அறுத்துக் கடைவார் வருகின்றனர். இவ்விடங்களில் காங்க் என்று பெயர்த்தால் வழிபாட்டொலி கேட்குமேயன்றி, குளிப்போரும் அரந்தொழிலாளரும் புலப்படார். சாங்க் எனப் பெயர்த்தலே தக்கது என்பது எம் துணிபு. முழக்கம் கூறும் இடங்களில் காங்க் நிற்பதில் குற்றமில்லை.

சொல்லைத் திருத்திய பின்னும் அடைமொழியில் இடறல் உண்டு. 'வலம்புரி' என்பதை 'வலப்பக்கச் சுழற்சியுடைய சாங்க்' என ஆங்கிலப்படுத்துதல் பிழையாய் முடியும். விலங்குநூலார் சுருள்முனையை மேலாக நிறுத்தி வாயை நோக்குவர்; நம்மவர் மரபு அம்முனையைக் கீழாகப் பிடிப்பது. ஆதலின், நாம் இடம்புரி என்னும் பொதுவகைச் சங்கு அவர்க்கு வலச்சுழி. கிடைத்தற்கரிய நம் வலம்புரி அவர்க்கு இடச்சுழி. பெயர்ப்போர் வலம்புரி என்னும் தமிழ்ச்சொல்லையே ஆங்கிலத்தில் இட்டு, அடிக்குறிப்பில் இதனை விளக்குக.