ஏமாற்றமும் ஏற்பும்: அகதா கிறிஸ்டியின் துப்பறியும் புதினத்திற்கு எழுந்த வாசக எதிர்வினைகள்

ஆய்வுச் சுருக்கம்

அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் ஆக்ராய்ட்' (1926) என்னும் புதினம் பாராட்டையும் கண்டனத்தையும் ஒருங்கே பெற்ற படைப்பாகும். இம்மாறுபாடு நூலின் தரம் குறித்து மட்டும் எழுந்ததன்று; கதைசொல்லிக்கும் வாசகருக்கும் இடையே நிலவும் எழுதப்படாத உடன்பாடு குறித்தே பெரிதும் எழுந்தது என்பதை இக்கட்டுரை வாசகர் ஏற்புக் கோட்பாட்டின் துணைகொண்டு விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: துப்பறியும் புதினம், வாசகர் ஏற்பு, எதிர்பார்ப்பு எல்லை, கதைசொல்லி.

முன்னுரை

துப்பறியும் புதினத்தைப் படிக்கத் தொடங்கும் வாசகர், தாம் திசைதிருப்பப்படுவதற்கு இசைந்தே படிக்கிறார். குற்றவாளி யார் என்பது இறுதிவரை மறைந்திருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். எனினும், சில புதினங்களின் முடிவு வியப்புக்கு மாறாகச் சினத்தையே விளைவிக்கிறது. வாசகர் விரும்பி ஏற்கும் மறைப்பு எது, ஏற்க மறுக்கும் மறைப்பு எது என்னும் வினாவை ஆராய்வதற்கு இப்புதினம் தக்க சான்றாக அமைகிறது.

எதிர்பார்ப்பு எல்லை

ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் ராபர்ட் யாஸ் 1967ஆம் ஆண்டு கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், வாசகர் எவரும் ஒரு நூலை வெற்று மனத்துடன் அணுகுவதில்லை என்றார். முன்பு படித்தவை அவருக்குள் ஓர் எதிர்பார்ப்பு எல்லையை வகுத்துவிடுகின்றன. புதிய படைப்புக்கும் அவ்வெல்லைக்கும் உள்ள தொலைவு, அப்படைப்புக்கு எழும் எதிர்வினைகளில் புலப்படும்.

புதினம் அமைக்கும் எதிர்பார்ப்பு

கிங்ஸ் அபட் என்னும் சிற்றூரில் ஆக்ராய்ட் என்ற செல்வர் கொல்லப்படுகிறார். அவ்வூர் மருத்துவர் ஷெப்பர்ட் கதையைத் தன்மை இடத்தில் கூறுகிறார். அவர் அண்டை வீட்டில் வாழும் துப்பறிவாளர் ஹெர்குல் புவாரோவுக்கு உதவியும் செய்கிறார். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் பழகிய வாசகர் இவரிடம் மருத்துவர் வாட்சனின் சாயலைக் காண்பது இயல்பு. அந்நம்பிக்கையே இறுதியில் தகர்கிறது, கதைசொல்லியே கொலையாளி. இவ்வுத்தி முற்றிலும் புதிதன்று. 1884-85இல் தொடராக வெளிவந்த செகாவின் 'வேட்டை விருந்து' என்னும் கதையிலும் இது உண்டு. ஆகவே, எதிர்ப்புக்கு உத்தியின் புதுமையைவிட வாட்சன் மரபு வளர்த்த நம்பிக்கையையே காரணமாகக் கொள்ளுதல் தகும்.

கண்டனமும் ஆதரவும்

எஸ்.எஸ். வான் டைன் என்னும் புனைபெயரில் எழுதிய அமெரிக்க எழுத்தாளர், 1927ஆம் ஆண்டிலேயே இவ்வுத்தியை முறையற்றது எனக் கருதினார். 1928இல் அவர் வெளியிட்ட இருபது விதிகளுள் ஒன்று, குற்றவாளி துப்பறிவாளர் மீது கையாளும் சூழ்ச்சியன்றி வேறெதனையும் வாசகர் மீது கையாளலாகாது என்கிறது. ரொனால்ட் நாக்ஸ் 1929இல் வகுத்த பத்துக் கட்டளைகளுள் முதலாவது, வாசகர் எவருடைய எண்ணங்களைப் பின்தொடர்கிறாரோ அவர் குற்றவாளியாதல் கூடாது என்கிறது. ஆயினும், கிறிஸ்டியின் திறனைக் கருதுங்கால் இதனைத் துல்லியமாக வரையறுப்பது கடினம் என நாக்ஸே குறிப்பிட்டார். மறுபுறம், டோரத்தி எல். சேயர்ஸ் எல்லோரையும் ஐயுறுவதே வாசகரின் கடமை என்று கூறிப் புதினத்தை ஆதரித்தார். இவ்விரு விதித்தொகுப்புகளும் நூல் வெளிவந்த பின்னரே எழுத்துவடிவம் பெற்றன என்பது கருதத்தக்கது.

மறுவாசிப்புத் தரும் சான்று

ஷெப்பர்ட் பொய்யுரைத்தாரா என்பதே சிக்கலின் மையம். இரவு 8.40 மணிக்குக் கடிதம் வந்தது என்றும், 8.50 மணிக்குத் தாம் வெளியேறினார் என்றும் அவர் எழுதுகிறார். இரண்டும் உண்மை. இடைப்பட்ட பத்து நிமிடங்களில் நிகழ்ந்தது மட்டும் சொல்லப்படவில்லை. இவ்விடத்தை அவரே இறுதி அத்தியாயத்தில் பெருமிதத்துடன் சுட்டுகிறார். சொல்லப்பட்டதில் பொய் இல்லை என்பதால் ஆதரவாளர் இதனை நேர்மை என்பர். தோழமைக் கதைசொல்லி தம் எண்ணத்தை மறைக்கலாகாது என்று கருதுவோர் இதனையே துரோகம் என்பர். ஒரே பகுதி இரு தரப்புக்கும் சான்றாகிறது.

ஏமாற்றத்தின் பிற வகைகள்

எட்மண்ட் வில்சன் 1945இல் 'நியூயார்க்கர்' இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பில் ஆக்ராய்டின் பெயர் இடம்பெற்றது. எனினும், அவரது குறைகூறல் துப்பறியும் வகைமை முழுவதன் மீதானது. முன்னர் அவர் எழுதிய கட்டுரையை மறுத்து வாசகர்கள் கடிதங்கள் எழுதினர். அவர்கள் பரிந்துரைத்த நூல்களைப் படித்த பின்னும் அவர் நிறைவடையவில்லை. பிரெஞ்சுத் திறனாய்வாளர் பியர் பயார் 1998இல் புவாரோவின் தீர்வையே ஐயுற்று, ஷெப்பர்டின் தமக்கை கரோலைனைக் குற்றவாளியாக முன்மொழிந்தார். இவருக்கு நிறைவின்மை மறுவாசிப்புக்குத் தூண்டுகோலாயிற்று.

முடிவுரை

2013ஆம் ஆண்டு பிரிட்டனின் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்க உறுப்பினர்கள் இதனையே மிகச் சிறந்த குற்றப்புதினமாகத் தேர்ந்தெடுத்தனர். நம்பத்தகாத கதைசொல்லி பழகிப்போன உத்தியாகிவிட்ட நிலையில், ஒருகாலத்தில் முறைமீறலாகத் தோன்றியது முன்மாதிரியாக மதிக்கப்படுகிறது. எதிர்பார்ப்பு எல்லை காலந்தோறும் நகர்வதற்கு இது சான்று. ஆகவே, வெகுமக்கள் புதினம் ஒன்றின் மீது வாசகர் கொள்ளும் ஏமாற்றத்தை ரசனைக் குறைபாடு என ஒதுக்குவதும், இறுதித் தீர்ப்பு எனக் கொள்வதும் பொருந்தா. எந்த எதிர்பார்ப்பு, எந்நூல்களால் உருவாகி, பனுவலின் எவ்விடத்தில் முறிந்தது என்று வினவும்போதே அவ்வேமாற்றம் ஆய்வுத் தரவாகும்.