தாய்வீடு இல்லாத தாய்

புனிறு என்பது தமிழில் ஒரு பழஞ்சொல். தொல்காப்பிய உரியியல் அதற்கு ஈன்றணிமை என்று பொருள் வகுக்கின்றது. கன்றை ஈன்ற ஆவின் இளைப்பையும் மகவை ஈன்ற மகளின் இளைப்பையும் அச்சொல் ஒருங்கே குறிக்கும். கருவுற்ற மாதங்களுக்குப் பெயருண்டு; பேற்றுக்குப் பெயருண்டு; பெற்றபின் வரும் சில நாட்களுக்கும் தனியே ஒரு பெயர் வேண்டும் என்று நம் முன்னோர் கருதினர். அந்நாட்களில் தாய் பிறர் கையை நோக்கி வாழ்பவள். அவளைப் பேணும் கைகள் ஒரு சமயத்தாருடையனவாய், அவளோ வேறொரு சமயத்தினளாய் இருப்பின், அம்மனையில் யாருடைய முறை செல்லும்? பிறந்த மகவு எந்த முறையில் வளரும்? ஒரு யூதத் தாயை முன்னிறுத்தி இவ்வினாவை ஆராய்வோம்.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் நமக்கு இவ்வாராய்ச்சி அயலானதன்று. இங்கே சைவரும் இசுலாமியரும் கத்தோலிக்கரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கின்றனர். சைவ மனையில் முப்பத்தொராம் நாள் துடக்குக் கழிக்கின்றனர். இசுலாமிய மனையில் பெற்றவளுக்கு நாற்பது நாள்வரை தொழுகைக் கடமை இல்லை. விட்ட தொழுகையை அவள் பின்னர் நிறைவேற்ற வேண்டுவதும் இல்லை. கத்தோலிக்கர் கிறித்து பிறப்புக்கு நாற்பதாம் நாளாகிய பெப்ரவரி 2ஆம் நாளில், மரியன்னை குழந்தையை ஆலயத்துக்கு எடுத்துச் சென்றதை விழாவாகக் கொண்டாடுகின்றனர். அந்த நாற்பது நாள் எங்கிருந்து வந்தது? யூதரின் மறையிலிருந்து வந்தது. ஆண்மகவு பெற்றவள் நாற்பது நாளும், பெண்மகவு பெற்றவள் எண்பது நாளும் தூய்மைக்காகக் காத்திருக்கவேண்டும் என்று லேவியராகமம் பன்னிரண்டாம் அதிகாரம் விதிக்கின்றது. மரியன்னை ஒரு யூதத்தாய். தம் குலத்தின் விதியையே அவர் நிறைவேற்றினார். யூதரின் வழக்கம் வேறு பெயரோடு நம் ஊரில் நெடுங்காலமாக வாழ்கின்றது என்பது இதனால் விளங்கும்.

யூதர்தாமும் இலங்கைக்குப் புதியவரல்லர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அரபுப் புவிநூலார் அல் இத்ரீசி, இத்தீவின் மன்னனுடைய அவையில் பதினாறு அமைச்சர் இருந்தனர் என்றும், அவருள் நால்வர் யூதர் என்றும் எழுதி வைத்துள்ளார்.

இனி, பெற்றவளை யூதர் எங்ஙனம் பேணினர் என்பதைக் காண்போம். ஓய்வுநாளில் நெருப்பு மூட்டுதல் அவர்களுக்கு விலக்கப்பட்ட செயல். ஆயினும் பெற்றவள் குளிரால் வருந்தலாகாது என்று, கோடையாயினும் அவளுக்காக அந்நாளில் நெருப்பு மூட்டலாம் என்கின்றது தல்மூது. முதல் மூன்று நாள் அவளை உயிருக்கு அஞ்சத்தக்க நோயாளியாகவே கொள்வர். எவரும் கேளாமலே அவளுக்காக ஓய்வுநாளின் தடைகளைக் கடக்கலாம். மூன்றாம் நாளுக்குப்பின் ஏழாம் நாள்வரை, ‘எனக்கு வேண்டும்’ என்று அவள் சொன்னால் கடக்கலாம். முப்பதாம் நாள்வரை அவள் பேணத்தக்க நோயாளி. ஆண்டில் மிக உயர்ந்த நோன்பாகிய பாவக்கழுவாய் நாளுக்கும் இவ்வளவையே செல்லும்.

இதில் நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. மறைவிதியின் தடையை விலக்கும் ஆற்றல் அத்தாயின் வாய்ச்சொல்லுக்கு அளிக்கப்பட்டுள்ளது. நம் மனைகளிலும் வேது நீரும் சாம்பிராணிப் புகையும் உண்டு. வெம்மையால் உடலைத் தேற்றும் நோக்கமும் அதுவே. ஆனால் ‘உனக்கு என்ன வேண்டும்’ என்று பெற்றவளைக் கேட்கும் வழக்கம் நம்மிடம் குறைவு. துடக்கு என்பதற்கு இருமுகம் உண்டு என்பதையும் மறைத்தலாகாது. ஓய்வு தருவது ஒரு முகம். ஒதுக்கி வைப்பது மற்றொரு முகம். பெண்மகவு பெற்றவளுக்கு இருமடங்கு நாள் விதித்த பழைய யூத விதியும், காற்றுப்புகா அறையில் தாயைக் கிடத்திய நம் வழக்கமும் இரண்டாம் முகத்தைச் சார்ந்தவை. முன்னதைக் கொண்டு பின்னதைக் கைவிடுதலே அறிவுடைமை. கருப்பை பழைய நிலையை அடைய ஏறத்தாழ ஆறு கிழமை செல்லும் என்று இன்றைய மருத்துவம் கூறுகின்றது. நாற்பது நாள் ஓய்வு மூடவழக்கம் அன்று என்பதற்கு அதுவே சான்று.

உணவில்தான் முதல் மோதல் எழும். நம் கடற்கரையில் பெற்றவளுக்கு மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள், உள்ளி, வேர்க்கொம்பு சேர்த்து அரைத்த சரக்குக்கறி சமைப்பர். பால் சுரக்கவேண்டும் என்று பால்சுறாவை அவித்து, உதிர்த்து, வறையாக்கித் தருவர். மாமியாரின் அன்பெல்லாம் அச்சுறா வறையில் இருக்கும். ஆனால் செட்டையும் செதிலும் உடைய மீனையே உண்ணலாம் என்பது லேவியராகமத்தின் விதி. சுறாவின் தோலில் உள்ள நுண்ணிய முட்களை யூதர் செதிலாகக் கொள்வதில்லை. ஆதலின் சுறா அவர்களுக்கு விலக்கு. திருக்கையும் இறாலும் நண்டும் அவ்வாறே. ஒரு யூதமகள் இங்கே மருமகளாக வந்து பிள்ளை பெற்றாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் தட்டை ஒதுக்கினால் அது மாமியாரை அவமதித்தல் ஆகுமா? உண்ணென்று வற்புறுத்தினால் அது அன்பாகுமா? விளைமீனுக்குச் செதில் உண்டு. சூடைக்கும் உண்டு. முருங்கையிலைக்கு எந்த மறையிலும் விலக்கில்லை. பால் சுரப்பதற்கு மகவு அடிக்கடி சுவைத்தலும், தாய் நிறைய உண்டு பருகி ஓய்ந்திருத்தலுமே முதன்மையான காரணங்கள். சரக்கு அதுவே இருக்க, மீன் மாறினால் எக்கேடும் இல்லை. கேட்டறிந்து மாற்றும் மாமியாரின் கறியில் அன்பு இருமடங்காகும்.

இத்தகைய தாய் கற்பனைப் படைப்பல்லள். ஆங்கிலத்தில் கவிதை எழுதிய ஆன் ரணசிங்கவைக் கற்றோர் அறிவர். அவர் 1925ஆம் ஆண்டு யேர்மனியின் எசன் நகரில் யூதக் குடும்பத்திற் பிறந்தவர். இயற்பெயர் அன்னலீசு காற்சு. 1938 நவம்பரில் யூதரின் தொழுகைக் கூடங்கள் எரியூட்டப்பட்டபோது தம் ஊர்க்கூடம் எரிந்ததைக் கண்டார். 1939 சனவரியில் பெற்றோர் அவரை இங்கிலாந்தில் இருந்த உறவினரிடம் அனுப்பினர். அப்போது அவருக்கு வயது பதின்மூன்று. பெற்றோரை அவர் மீண்டும் காணவில்லை. லோட்சு நகரின் யூதச்சேரிக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர்கள் 1944இல் கெல்ம்னோ கொலைக்களத்தில் கொல்லப்பட்டனர். இங்கிலாந்தில் தாதியர் பயிற்சி பெற்ற அன்னலீசு, 1949இல் சிங்கள மருத்துவர் ஒருவரை மணந்து, 1950களின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்தார். கணவர் பின்னாளில் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராக விளங்கியவர். முன்னைய மனைவியை இழந்தவர். அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும், தாம் பெற்ற நால்வருக்கும் ஆன் தாயானார். 2016இல் கொழும்பில் மறைந்தார்.

தலைப்பேற்றுக்குத் தாய்வீடு செல்லுதல் தமிழர் வழக்கம். சென்று மடியில் தலை வைத்து, அஞ்சினால் அழுது, பசித்தால் கேட்டு உண்ணும் உரிமை பெண்ணுக்கு அங்கேதான் முழுமையாக உண்டு. ஆன் போன்றவருக்குச் செல்ல எந்த வீடு இருந்தது? தாய் இல்லை; தாயின் கல்லறையும் இல்லை. மகப்பேற்று நூலெல்லாம் கற்ற கணவர் அருகிருந்தும், குழந்தையின் நெற்றி யார் நெற்றி, குரல் யார் குரல் என்று சொல்ல ஒரு தாய் அருகில்லை.

இவ்விடத்தில் நம் மலையின் கதை ஒன்று துணை நிற்கின்றது. ஆதிசேடனுக்கும் வாயுவுக்கும் நடந்த போட்டியில் கயிலையினின்று பெயர்ந்து விழுந்த முச்சிகரங்களே காளத்தியும் சிராப்பள்ளியும் கோணமலையும் என்பர். கோணமலைக்கு உடன்பிறந்த சிராமலையிலே, பேறுகால மகளொருத்தி தன் தாயை எதிர்நோக்கியிருந்தாள். காவிரி வெள்ளம் தாயைக் கரையில் தடுத்தது. சிவபெருமான் அத்தாயின் உருவில் வந்து பேறு பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மைத்தாய் வருமளவும் பேணினார். தாயுமானவர் எனப் பெயர் பெற்றார். இறைவன் அம்மகளுக்குத் தன் உருவைக் காட்டி வணங்கச் சொல்லவில்லை; அவளுக்குப் பழகிய உருவை ஏற்று வந்தான். பிற சமயத்து மருமகளை ஏற்கும் மனைக்கு இதனினும் சிறந்த இலக்கணம் வேறில்லை. கெல்ம்னோவில் மூண்டது வடியாத வெள்ளம். அவ்வெள்ளத்தால் தாயை இழந்தவளுக்குப் புகுந்தவீடே தாய்வீடாதல் வேண்டும்.

இஃது இரக்கத்தால் மட்டும் சொல்வதன்று. அண்மையில் பிள்ளை பெற்ற பெண்களுள் நூற்றுக்குப் பதின்மூவர் அளவில், பெரும்பாலும் மனச்சோர்வாகிய உளநோய்க்கு ஆளாகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. துணையற்ற தனிமை அந்நோயை வளர்ப்பது. நம் நாட்டில் 1930களில் இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். இன்று அத்தொகை ஐம்பதுக்கும் கீழே. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், வீடு தேடி வரும் மருத்துவமாதும் இவ்வெற்றிக்குப் பெருந்துணை. மருத்துவமாது தாயின் சமயத்தைக் கேட்டுப் படியேறுவதில்லை. உடலைக் காத்த அந்நெறியே உள்ளத்தைக் காக்கவும் வேண்டும்.

இனி மகவின் வளர்ப்பு. யூதர் ஆண்மகவுக்கு எட்டாம் நாளில் விருத்தசேதனம் செய்வர். தலைமகனாயின் முப்பத்தொராம் நாளில் ஐந்து வெள்ளிக்காசு கொடுத்து மீட்பர். நம் துடக்குக்கழிவும் அதே முப்பத்தொராம் நாள்! நாள் ஒன்றாயினும் சடங்கு இரண்டு. பூசலுக்கு அதுவே போதும். யூத மரபில் தாய் யூதமகளாயின் பிள்ளையும் யூதப்பிள்ளை. அமெரிக்கச் சீர்திருத்த யூதர் 1983முதல், தந்தைவழியிலும் அவ்வுரிமை வரலாம் என்று ஏற்றுள்ளனர். மட்டக்களப்பு நாட்டில் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழியே குடி எண்ணுவர். ஆதலின் தாய்வழி உரிமை கிழக்கிலங்கையாருக்கு விளங்காத பொருளன்று. எச்சடங்கைக் கொள்வது என்பதைப் பெற்றோர் இருவரும் பேற்றுக்கு முன்னரே பேசித் தெளிதல் நன்று. ஈன்றணிமையில் அயர்ந்து கிடப்பவளின் தலைமாட்டில் நின்று அதை வழக்காடுதல் கொடுமை.

பெயரிடுதலில் இரு மரபும் இணங்கும். பேரன் என்னும் சொல் பெயரன் என்பதன் திரிபு. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். ஐரோப்பிய யூதராகிய அசுக்கெனாசியரும் இறந்த முன்னோரின் பெயரையே பிள்ளைக்கு இடுவர். கொலைக்களத்தில் எண்ணாக்கப்பட்ட ஒருவரின் பெயர் ஒரு தொட்டிலில் மீண்டும் அழைக்கப்படுமாயின், அது சடங்கினும் பெரிது.

பெயர் தந்தால் போதாது. பெயரின் கதையையும் தருதல் வேண்டும். ஆன் தம் முதற் கவிதைத் தொகுதியை 1971இல் வெளியிட்டார். கொல்லப்பட்ட தம் தாயை நோக்கி ஒரு கவிதை எழுதினார். கொழும்பிலிருந்தவாறே ஔசுவிச்சை நினைந்து மற்றொன்று எழுதினார். ஆலயமும் சுற்றமும் இல்லாத நாட்டில் ஒரு யூதத்தாய் தன் வழிவந்தோர்க்கு விட்டுச்சென்ற உரிமைப்பொருள் அச்சொற்களே. அதே வீட்டில் தந்தையின் மொழியும் விழாவும் குறைவின்றி நிலவலாம். இரு கதையையும் மெய்யாகக் கேட்டு வளரும் பிள்ளை பிளவுபடுவதில்லை. ஒன்றை மறைத்து வளர்க்கப்பட்ட பிள்ளையே பின்னர் ஏங்கும்.

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் காப்புப் பருவத்தில் தொடங்குகின்றது. சைவரும் வைணவரும் வளர்த்த அவ்வடிவில் நபிகள் நாயகத்தின்மீதும் இயேசுபிரான்மீதும் நூல்கள் எழுந்தன. எந்தக் குழந்தையையும் ஏந்த அம்மொழித்தொட்டில் மறுக்கவில்லை. நம் மனைகளும் அவ்வாறே அமைதல் வேண்டும். அயற்சமயத்து மகளொருத்தி பிள்ளையோடு வாயிலில் வந்து நிற்கும்போது, காப்பு யார் மந்திரத்தால் என்று கேளாது, ‘அம்மா, உனக்கு என்ன வேண்டும்?’ என்று முதலிற் கேட்போமாக.