தாவும் ஊசி

இசைத்தட்டில் ஊசி தாவினால் பழுது தட்டில் இருக்கும், ஊசியில் இருக்கும், அல்லது ஊசியைத் தாங்கும் கையில் இருக்கும். வேறொரு தட்டைப் போட்டுப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும். ஒரு தட்டில் மட்டும், அதுவும் ஒரே இடத்தில் தாவினால் பழுது தட்டில்தான். எல்லாத் தட்டும் கண்ட கண்ட இடத்தில் தாவினால் பிளேயரைப் பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் தட்டைக் கெடுப்பது பெரும்பாலும் புழுதி. வலிகாமத்துச் செம்மண் தூள் வரிகளுக்குள் இறங்கி, மாரி ஈரத்தில் இறுகும். பூஞ்சணமும் பிடிக்கும். கழுவத்தான் வேண்டும், ஆனால் கிணற்றுத் தண்ணீர் ஆகாது. சுண்ணக்கல் நிலத்து நீர் கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிவதுபோல வரிக்குள்ளும் படிந்துவிடும். பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மெல்லிய துணியால் வரி ஓடும் போக்கிலேயே துடைப்பது நல்லது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய தட்டில் ஸ்பிரிட் படவே கூடாது. அந்தத் தட்டு அரக்கால் ஆனது, ஸ்பிரிட்டில் கரையும். நாதஸ்வர வித்துவான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம் பதிந்த பழைய தட்டு ஒருவர் வீட்டில் இருந்து, அது இப்படிக் கெட்டால், திரும்பக் கிடைப்பது அரிது.

அடுத்தது ஊசி. 78 தட்டின் வரி அகலமானது. அதற்கான ஊசிமுனையின் ஆரம் ஏறத்தாழ 0.07 மி.மீ. 1948இல் வந்த எல்.பி. தட்டுக்கு 0.025 மி.மீ. அல்லது அதிலும் சிறிது. பெரிய முனை எல்.பி.யின் வரிக்குள் இறங்காமல் மேலே வழுக்கும். பல பழைய பிளேயர்களில் இரண்டு ஊசிகளும் இருக்கும், திருப்பிவிடச் சிறு பிடியும் இருக்கும். முதலில் அதைக் கவனிக்க வேண்டும். நன்றாகத் தேய்ந்த முனையை மணிக்கூடு திருத்துபவரின் பூதக்கண்ணாடியால் பார்த்தால் தெரியலாம்.

தட்டும் ஊசியும் சரியென்றால் கைதான் மிச்சம். 1990இல் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டபின் யாழ். குடாநாட்டில் மின்சாரம் இல்லாமற் போயிற்று. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. அப்போது ஓடாமல் அலுமாரிக்குள் ஆண்டுக்கணக்காகக் கிடந்த பிளேயரில் கிறீஸ் காய்ந்து, கை திரும்பும் அச்சு இறுகியிருக்கும். பழைய கிறீசை வழித்துத் துடைத்து, தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி விட்டால் போதும். தேங்காயெண்ணெய் விடக்கூடாது, அது நாளடைவில் பிசினாகிவிடும். பிளேயர் சரிந்திருந்தாலும் கை ஒரு பக்கம் இழுபடும். மேசனின் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துச் சரிசெய்யலாம்.

இவ்வளவும் பார்க்காமல் கையின் மேல் நாணயத்தை வைப்பது மிகக் கெட்ட பழக்கம். தாவல் நின்றதுபோலத் தோன்றும், ஆனால் பாரம் வரியை அரைத்துவிடும். கையின் நுனியில் ஊசியைத் தாங்கும் தலை காந்தத் தலையானால் ஏறத்தாழ 2 கிராம், செராமிக் தலையானால் 3 முதல் 6 கிராம் பாரமே போதும்.